சாந்தாகுரூசிலிருந்து மீனம்பாக்கம்

அறுபதுகளின் நடுவில், எனக்கு இருபத்திரண்டு வயதில், பம்பாயில் ஒரு நூல் மில்லில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பத்து நாளில் வந்து சேரச் சொல்லிக் கடிதம். செஞ்சியில் மூன்று பக்கமும் மலை. நாலாவது பக்கம் அப்பாவின் வேர்க்கடலை மண்டி. நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்துவிட்டுத்தான் அவரிடம் நீட்டினேன்.

படித்துவிட்டு அவர் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் கண்ண மூடுனா பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவியா?"

நாங்கள் சமணர்கள். எங்கள் வீட்டில் இருட்டிய பிறகு சாப்பாடும் இல்லை, தகனமும் இல்லை. பகலில் போனவரைப் பகலிலேயே எரித்துவிட வேண்டும். கொள்ளி வைக்க நான் ஒரே பிள்ளை. இத்தனைக்கும் நைனாவுக்கு அப்போது ஐம்பது வயதுதான். ராஜகிரிக் கோட்டை மலை உச்சி வரைக்கும் மூச்சு வாங்காமல் ஏறுவார்.

நான் ஒரு மடையன், அதைக் கணக்கு என்று எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட அட்லசில் நூலை வைத்து அளந்தேன். சாந்தாகுரூஸ் விமான நிலையத்திலிருந்து மீனம்பாக்கத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் மைல். ரயிலென்றால் ஒரு நாளுக்கு மேல். விமானத்தில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து டாக்சியில் திண்டிவனம் வழியாகச் செஞ்சிக்கு மூன்று மணி. தந்தி வந்து சேர இரண்டு மணி. எல்லாவற்றையும் எளிதாகக் கூட்டி, ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். விமானத்தில் ஏற எனக்கு ஏது வழி என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நைனா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார்.

"காலைல ஆறு மணிக்கு நான் செத்தா இது சரி. பன்னண்டு மணிக்குச் செத்தா இன்னா பண்ணுவ?"

"ஒடம்பு முடியலன்னாலே தந்தி குடுக்கச் சொல்லுங்க நைனா."

"திடுக்குனு போயிட்டா?"

எவ்வளவு வேகமான விமானத்தைக் கொண்டுவந்தாலும் அவர் இன்னும் கொஞ்சம் தாமதமாகச் செத்துப்போவார். கத்தித் தீர்த்திருக்கலாம், அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லாததால் அதுவும் முடியவில்லை. வர இயலவில்லை என்று மில்லுக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டேன். மறுநாளிலிருந்து மண்டியில் தராசு பிடித்தேன்.

மூன்று வருஷம் கழித்து, டெல்லியில் வேலை பார்த்த என் மாமா மகன் லீவில் வந்திருந்தான். நைனா அவன் தோளைத் தட்டினார்.

"நீ துணிஞ்சு போயிட்ட. இவனுக்கும் பம்பாயில வேல வந்துச்சு. ப்ளேன்ல எவ்ளோ நேரமாவும், டாக்சில எவ்ளோ நேரமாவும்னு கணக்கு போட்டுக்கினே குந்திட்டான். எங்கள உட்டுட்டுப் போக பயம்."

சீண்டுகிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை, உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். தான் கேட்ட கேள்வி அவருக்கு நினைவிலேயே இல்லை.