இரண்டாவது கிளாஸ்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் கிரீஸும் கறுப்புமாகக் கிடப்பார். ஞாயிறு மதியம் மட்டும் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, பெண் பார்க்கக் கிளம்புகிறவர் மாதிரி சமையலறை மேஜையில் உட்காருவார். எதிரில் என் அண்ணன். நடுவில் ஒரே ஒரு பீர் பாட்டில்.

இருவரும் சேர்ந்து 'பாதி பாதி' என்று ஒரு வலைப்பூ எழுதினார்கள். ஒரு பாட்டிலை இரண்டு கிளாஸில் சரிபாதியாக ஊற்றிக் குடித்துவிட்டு, எப்படி இருந்தது என்று ஆளுக்கொரு பத்தி. இவருக்குத் தேன் வாசனை அடித்தால் அண்ணனுக்கு ஈரத்துணி வாசனை அடிக்கும். கடைசியில் காலி கிளாஸ்களைப் படம் எடுத்துப் போடுவார்கள். ஒவ்வொரு வாய்க்கும் நுரை இறங்கி, கிளாஸின் உட்புறம் ஒரு வெள்ளை வளையம் விட்டுப்போகும். இவர் கோழி தண்ணீர் குடிப்பதுபோலக் குடிப்பார். வளையங்கள் நெருக்கமாக இருக்கும். அண்ணன் மூன்றே மடக்கு. எது யாருடைய கிளாஸ் என்று சொல்வதற்கென்றே சில வாசகர்கள் காத்திருந்தார்கள். வெட்டி வேலை என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

கிளாஸில் துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை நிற்காது. அண்ணனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அழுக்குக் கண்ணாடியைக் கண்டாலே ஆகாது. உப்புப் போட்டுக் கழுவாத கிளாஸில் ஊற்றிக் கொடுத்தால் வாயில் வைக்கமாட்டான். அப்படியே கொண்டுபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வருவான்.

மாரடைப்பில் அண்ணன் போய்ச் சேர்ந்தான். நான் அழுது தீர்த்தேன். இவர் அழவில்லை. அடுத்த ஞாயிறே இரண்டு கிளாஸில் ஊற்றினார். பழக்கதோஷம் என்று விட்டுவிட்டேன். ஆனால் வலைப்பூவில் வந்த படத்தில் இரண்டு கிளாஸும் காலி. இரண்டாவதில் மூன்று வளையம்.

"ஏங்க, அதையும் நீங்கதானே குடிச்சீங்க?"

"மச்சான் பாதியை நான் ஏன் தொடப்போறேன்?" என்றார், வெகு சாதாரணமாக.

சில நாளில் அவருடைய சூப்பர்வைசர் போன் செய்தார். "குழிக்குள்ள தனியா பேசிட்டிருக்காரும்மா. கொஞ்சம் பாத்துக்குங்க." அந்தக் குழியில் கவனம் பிசகினால் ஆள் மிஞ்சமாட்டார். அண்ணனைக் கொடுத்தாயிற்று. இவரையும் கொடுக்க நான் தயாராக இல்லை.

அடுத்த ஞாயிறு, அண்ணனின் கிளாஸுக்குள் வெண்ணெயைத் தடவி வைத்தேன். நுரை நிற்காது, வளையம் விழாது. வளையம் இல்லையென்றால் அண்ணனும் இல்லை என்று இவர் ஒத்துக்கொண்டுதானே ஆகவேண்டும்?

ஊற்றியதுமே அந்தக் கிளாஸில் நுரை அடங்கிவிட்டது. இவர் முகம் செத்துப்போனது. "இன்னைக்கு வரமாட்டார் போல."

கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். "அண்ணன் இல்லைங்க. ஏத்துக்குங்க." முதல்முறையாக என் தோளில் சாய்ந்து விம்மி அழுதார். பாவமாக இருந்தாலும், ஜெயித்துவிட்டேன் என்றுதான் தோன்றியது.

அப்போது சமையலறையில் கிளாஸ் தட்டுப்படும் சத்தம்.

வாசல் கதவு உள்தாழ் போட்டிருந்தது. வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். மேஜைமேல் இவர் கிளாஸ் மட்டும் இருந்தது. அண்ணனின் கிளாஸ் தொட்டியில் கவிழ்ந்திருந்தது. பீர் வழிந்து போய்க்கொண்டிருந்தது.

பின்னால் வந்த இவர் கிளாஸைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "கிளாஸை என்ன பண்ணின?"

"வெண்ணெய் தடவினேன்."

"அவருக்குக் கோவம் வரும்னு தெரியாதா உனக்கு?" உப்பு ஜாடியை என் பக்கம் தள்ளினார்.

உப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். அலமாரியிலிருந்து எனக்கும் ஒரு கிளாஸ் எடுத்தேன். இனி அந்த மேஜையில் அவனோடு இவரைத் தனியாக உட்காரவிடுவதாக இல்லை. இவர் இன்னொரு பாட்டிலைத் திறந்து மூன்றிலும் ஊற்றினார். அண்ணனின் கிளாஸில் நுரை கெட்டியாக நின்றது.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ," என்றேன். "அந்தக் குழிக்கு மட்டும் வராத. இவரை என்கிட்ட விட்டுடு."

பதில் வேண்டும் என்று அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் எரிந்தது. ஒருமுறை இமைத்துத் திறந்தேன்.

முதல் வளையம் விழுந்திருந்தது.