பாங்கு நேரத்து வசனம்

ஆம்பூரில் எங்கள் தெருமுனை தியேட்டரை மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது அது ஷூ டப்பா அடுக்கும் குடோன். ஆனால் அந்தத் தியேட்டர் எனக்குக் கொடுத்த தலைவலி இன்னும் என் வீட்டு ஹாலில், ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. தலைவலி என்று நான் சொல்வது அம்மாவின் தம்பியை, என் மாமாவை. எதிர்வீட்டுக்கும் சேர்த்து டிவி வைப்பார். டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்பார், குறைத்தால் கம்மி என்பார். பெங்களூரில் மகனோடு ஒத்துவரவில்லை என்று கையில் பையோடு வந்தவர், வந்தவர்தான். சமைப்பதும் நான், பாத்திரம் கழுவுவதும் நான், குறை கேட்பதும் நான்.

அப்பா செத்தபோது எட்டிப் பார்க்காத மனுஷன் இவர். ராணிப்பேட்டையில்தான் இருந்தார், பஸ் ஏறினால் வந்துவிடலாம். அப்பாவோடு ஏதோ வாய்ச்சண்டையாம். சாவுக்கும் வரவில்லை, கருமாதிக்கும் வரவில்லை. அதோடு அம்மா அவர் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டாள். அப்படிப்பட்டவரைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது அந்தத் தியேட்டர்.

வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். தியேட்டருக்கு எதிரே மசூதி. தொழுகைக்குக் கூப்பிடும் பாங்கு சொல்ல ஆரம்பித்ததும் ஆபரேட்டர் படத்தின் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவார். படம் பாட்டுக்கு ஊமையாக ஓடும். பாங்கு முடிந்தால்தான் சத்தம் வரும். யாரும் போட்ட சட்டமில்லை, யாரும் குறை சொன்னதுமில்லை. மேட்னி ஷோவில் கதை முற்றுகிற நேரமாகப் பார்த்துத்தான் இது நடக்கும். எனக்கு ஆத்திரமாக வரும். பள்ளிக்கூடம் போகிற பெண்ணின் ஆத்திரத்தை யார் மதித்தார்கள்?

சத்தம் நின்றதும் பெண்கள் பக்கத்தில் எங்கள் பெஞ்சு முழுக்க அம்மாவைப் பார்க்கும். அந்த பெஞ்சில் கம்பெனி வேலைக்குப் போகிறவள் அம்மா ஒருத்திதான். ஷூ கம்பெனியில் தையல் செக்ஷன். மெஷின் இரைச்சலில் அங்கே பேச்சு எடுபடாது, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தும் அம்மா அதை விடமாட்டாள். அடுப்படியிலிருந்து சத்தமில்லாமல் வாயை அசைப்பாள். நான் புரிந்துகொண்டு உப்பு டப்பாவை எடுத்துப்போக வேண்டும். புரியாத மாதிரி நடித்தால் முதுகில் ஒன்று விழும். படத்திலும் அதே வித்தைதான். திரையில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்து அம்மா சொல்லச் சொல்ல பெஞ்சு கேட்டுக்கொள்ளும். வடநாட்டுக் கதாநாயகி வந்தால் மட்டும் கடுப்பாகிவிடுவாள். "இவ வாயில இன்னா வருதுன்னே தெரியல, பேஜாரு" என்பாள்.

அப்பா போன மறுவருஷம் ஓர் அக்கா தம்பி படம் வந்தது. குடும்பத்தைக் கைவிட்டு ஓடிய தம்பி, மழையில் நனைந்துகொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். அக்கா கதவைத் திறக்கிறாள். பாங்கு ஆரம்பித்துவிட்டது. அவள் அழுதுகொண்டே ஏதோ சொல்கிறாள். அக்காவாக நடித்தவள் ஒவ்வொரு வார்த்தையையும் உதடு பிரித்துச் சொல்கிற தமிழ்க்காரி. அம்மாவுக்கு அது வெல்லம். ஆனால் அம்மா வாயே திறக்கவில்லை.

பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "இன்னாக்கா சொல்றா? சொல்லேன்."

பெஞ்சு மொத்தமும் திரும்பியது. அம்மாவுக்கும் ஒரு தம்பி இருப்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"உள்ள வாடா, மொதல்ல சாப்டுன்றா" என்றாள் அம்மா.

பெஞ்சு மூக்கைச் சிந்தியது. சத்தம் திரும்பி வந்தபோது அந்தத் தம்பி பஸ் ஸ்டாண்டில் பசியோடு சுருண்டு படுத்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டார்களே, பிறகு ஏன் இங்கே படுத்திருக்கிறான் என்று நான் கேட்டேன். "சாப்ட்டுட்டு வந்து படுத்திருப்பான். சும்மா இருடி" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு ராணிப்பேட்டைக்கு பஸ் ஏறினாள். மாமா எங்களைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். அப்பாவைப் பற்றி அங்கே ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

போன மாதம் அதே படம் என் போனில் வந்தது. நேராக அந்த இடத்துக்குத் தள்ளிப் போட்டுக் கேட்டேன். "உன்ன எப்பவோ தல முழுகியாச்சு. இந்த வாசப்படி ஏறாத, போ" என்கிறாள் அந்த அக்கா. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா உதட்டைத் தப்பாகப் பார்த்துத் தொலைத்ததற்காக, அப்பாவை மதிக்காதவருக்கு நான் டீ ஆற்றிக்கொண்டிருக்கிறேன். மாமாவோ, படத்தைப் பார்க்காமலே, அம்மா சொன்னதை வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "அந்தப் படந்தான் எங்கள சேத்து வெச்சுது" என்று பெருமை பேசுகிறார். இரண்டு பேரையும் உட்காரவைத்து அந்த வசனத்தைக் காதில் போட்டே தீருவது என்று முடிவு கட்டினேன். அப்பாவுக்காக நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவியில் படத்தைப் போட்டேன். மாமா பார்க்கவிட்டால்தானே. பாத்ரூம் போகணும், நிறுத்து என்றார். கண்ணாடியைக் காணோம், நிறுத்து என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. இப்படி நிறுத்தி நிறுத்தி, மழையில் அந்தக் கதவு திறக்கவும் தெருமுனை மசூதியில் பாங்கு ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. அம்மா என் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை நிறுத்தினாள். தியேட்டர் போனாலும் அந்தப் பழக்கம் அம்மாவிடமிருந்து போகவில்லை. போகட்டும், பாங்கு முடிந்ததும் பின்னால் தள்ளிப் போட்டுக் கேட்கவைக்கலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திரையில் அந்த அக்கா அழுதுகொண்டே பேசினாள். மாமா நாற்காலி நுனிக்கு வந்தார்.

"இன்னாக்கா சொல்றா?"

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னைப் பார்த்தாள். சத்தமில்லாமல் வாயை அசைத்தாள்.

"போன்னுதான் சொல்றா. அன்னிக்கே தெரியும்."

பிறகு மாமாவிடம் திரும்பி, வாய்விட்டே சொன்னாள். "உள்ள வாடா, மொதல்ல சாப்டுன்றா."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாங்கு முடிந்தது. அம்மா ரிமோட்டை என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கி, பின்னால் தள்ளாமல் சத்தத்தை மட்டும் வைத்தேன். பஸ் ஸ்டாண்டில் அந்தத் தம்பி சுருண்டு படுத்திருந்தான்.

"சாப்ட்டுட்டு வந்து படுத்துக்கினான் பாரு" என்றார் மாமா.

"ஆமா மாமா" என்று சொல்லிவிட்டு டீ போட எழுந்தேன்.