சத்தியபிரியா டீச்சரின் பேச்சுச் சாமர்த்தியம்

எங்கள் பேத்துப்பாறை அங்கன்வாடியின் சத்தியபிரியா டீச்சரைப் போலப் பேசத் தெரிந்தவரை நான் பார்த்ததில்லை. பழனி அடிவாரத்துப் பூசைக்கடைக்காரர் மகள். அங்கே யாரும் ‘தேங்காய் வாங்குங்க’ என்று தொடங்க மாட்டார்கள். ‘செருப்ப இங்க விட்டுட்டுப் போங்க’ என்பார்கள். செருப்பை விட்டவர் தேங்காய் வாங்காமல் போவது அபூர்வம். கல்யாணமாகி மலையேறி வந்தபோது டீச்சர் அந்த வித்தையையும் கூடவே கொண்டுவந்துவிட்டார்.

என் பக்கத்து வீட்டு சோலைமுத்துவிடம்தான் ஒருமுறை அதை மறந்தார். சோலைமுத்துவின் மகள் லாவண்யாவுக்கு மூன்று வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. “பாப்பா காத டாக்டர்கிட்ட காட்டுங்கண்ணே” என்று நேராகச் சொல்லிவிட்டார்.

“எம்புள்ளய செவிடுங்கிறியா? நானும் அஞ்சு வயசுலதான் பேசுனேன்!” என்று குதித்தார் அந்த மனுஷன். பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்புவதையும் நிறுத்திவிட்டார். வைத்தியம் பார்க்க வேண்டிய வயது வீணாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவரை நாலு அறை அறையலாம் போலிருந்தது. டீச்சருக்குக் கோபமே வரவில்லை.

மறுவாரம் சோலைமுத்துவின் பூண்டுத் தோட்டத்துக்கே வந்தார். நான் அங்கே கூலிக்குக் களையெடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை வரப்பில் உட்கார்ந்து மண்ணை அளைந்துகொண்டிருந்தது. காது என்ற சொல்லையே டீச்சர் எடுக்கவில்லை.

“காட்டுமாடு எறங்குதாமேண்ணே. பாப்பா தனியா வெளையாடுதே, பயமா இல்லையா?”

“எதுக்குப் பயம்? நா ஒரு சத்தம் போட்டா வில்பட்டிக்கே கேக்கும்!”

“ஆமாங்கண்ணே, உங்க தொண்டைக்கு ஊரே திரும்பும். பாப்பா திரும்புமா?”

சோலைமுத்து பிள்ளைக்குப் பின்னால் போய் நின்று, “லாவண்யா!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினார். எதிர்ச்சரிவில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கோ நாய் குரைத்தது. இன்னொரு முறை கத்தும்போது குரல் உடைந்துவிட்டது. பிள்ளை மண்ணை அளைந்துகொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் பிள்ளையை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். “நாளைக்கு வெள்ளனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருவோம் டீச்சர்” என்றார். அதோடு நிறுத்தினாரா? “இத ஏன் முன்னாடியே சொல்லல?” என்று டீச்சர் மேலேயே பாய்ந்தார்.

நான் களைக்கொத்தைப் போட்டுவிட்டு எழுந்தேன். வாயைத் திறப்பதற்குள் டீச்சர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

“ஆமாங்கண்ணே, சொல்லியிருக்கணும். என் தப்புதான்” என்றார்.