தலைமன்னார் வாடிக்குப் போன பள்ளிக்கூடம்

என் சிநேகிதி ஜெசிந்தா அரிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஆரம்பப் பாடசாலையின் அதிபர், அதாவது தலைமையாசிரியை. பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், மூடப்போகிறார்களாம் என்று போன கிழமை கொதித்துக்கொண்டு போன் எடுத்தாள். முடிவெடுக்கக் கல்விக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்கும் அதே தலையெழுத்துத்தான். லீவு போட்டுவிட்டு வவுனியாவில் விடியற்காலை பஸ் ஏறினேன்.

மன்னாரில் பஸ் மாறினால் அரிப்பு ஒரு மணித்தியாலம். வலப்பக்கச் சன்னலைப் பிடியுங்கள், இடைக்கிடை கடல் தெரியும். எங்கே போகிறேன் என்று கேட்ட கொண்டக்டர், "அந்தப் பள்ளிக்கூடமோ? அங்கை இப்ப காகம்தானே படிக்குது!" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்ப் பார்த்தால் மனுசன் சொன்னது சரி. வகுப்பில் ஒரு பிள்ளை இல்லை. முற்றத்தில் ஜெசிந்தாவும் அதிகாரியும் மட்டும்.

"போன வருசமும் இதைத்தானே கண்டனான்," என்றார் அவர்.

"ஓம் சேர். போன வருசமும் நீங்கள் சோளகத்திலைதான் வந்தனீங்கள்."

தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்று பெலத்தால் இந்தக் கரையில் படகு இறக்க ஏலாது. குடும்பங்கள் சட்டி பானை, வலை, பிள்ளைகளோடு தலைமன்னாரின் வடகரைக்குப் போய் வாடி போடுவார்கள். வாடி என்றால் தொழில் முடியும்வரை தங்குகிற ஓலைக் கொட்டில். கரையில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. கந்தோர் மட்டும் அந்த மாதம் பார்த்து வந்து தலை எண்ணியிருக்கிறது!

"உங்கடை ஜீப்பைத் தலைமன்னாருக்கு விடச் சொல்லுங்கோ," என்றாள் ஜெசிந்தா. நானும் தொற்றிக்கொண்டேன். மன்னார் நகரிலிருந்து முப்பது கிலோமீற்றர்.

வாடிக்குள் கரும்பலகை. சாக்கு விரித்துப் பிள்ளைகள். ஜெசிந்தாவின் உதவி ஆசிரியை கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். வலையில் மீன் கழற்றிக்கொண்டிருந்த தாய் ஒருவர் எழும்பி வந்தார்.

"சேர், பள்ளிக்கூடத்தை மூடினா இவையும் எங்களைப்போலை வலையோடைதான்."

அதிகாரி ஜெசிந்தாவிடம் திரும்பினார். "ரீச்சர், முந்தியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் கேட்டனீங்களே சேர்?"

ஐயோ! நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மனுசன் சிரித்துவிட்டார்.

"சரி, மூடேல்லை. சோளகத்திலை வகுப்பு இங்கை நடக்கட்டும். நான் எழுதித் தாறன்."

"வெண்டிட்டமடி!" என்று ஜெசிந்தா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். என்னவென்று தெரியாமலே பிள்ளைகளும் கத்தினார்கள். அப்படியொரு சந்தோசம் எனக்கு.

போகிறவர்களுக்கு: ஆனி, ஆடியில் மண் கண்ணுக்குள் அடிக்கும், தொப்பி வேண்டும். தலைமன்னாரில் மத்தியானம் மீன்சோறு சாப்பிடாமல் வராதீர்கள். சின்னப் பள்ளிக்கூடங்களுக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு: பிள்ளைகளை எண்ணுமுன், தாய் தகப்பன் அந்த மாதம் எங்கே உழைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

திங்கட்கிழமை நான் எங்கள் கந்தோருக்குப் போகிறேன். எங்கள் பிள்ளைகளை எண்ணியது அறுவடை மாதத்தில்.