நாற்பத்தொன்றாம் நம்பர் குறளில் ஓர் எழுத்து

1. மூன்று குற்றம்

"அடுத்தது நாற்பத்தொன்றாம் நம்பர்" என்று நடுவராக வந்திருந்த பண்டிதர் தாளை உயர்த்திப் பிடித்தபோது, நான் கடைசி வரிசையில் எங்கள் அச்சாபீஸ் முதலாளி ஞானமுத்து ஐயாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாளையங்கோட்டை வாசகசாலை நடத்திய குறள் வெண்பாப் போட்டிக்கு அன்று முடிவு நாள். முதல் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது. பாட வேண்டிய பொருள் பொருநை, அதாவது நம்முடைய தாமிரபரணி. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவு, பெரியவர்களுக்கு ஒரு பிரிவு. பிள்ளைகளின் பரிசெல்லாம் கொடுத்து முடிந்து, பெரியவர்களின் பாட்டுகளைப் பண்டிதர் ஒவ்வொன்றாக வாசித்து, குற்றம் குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

அவர் வாசித்தது இது:

உரியார் பிறரென்று பாராப் பொருநை
காவாது நீர்தரும் தாய்.

"இதிலே குற்றம் மூன்று. 'உரியார்' என்று முதலடி தொடங்கினால், அடுத்த அடியின் முதற்சீரிலும் இரண்டாம் எழுத்து ரகர இனமாக வரவேண்டும். வரவில்லை, எதுகை போயிற்று. 'பொருநை'க்குப் பிறகு நிரையசை வரவேண்டிய இடத்தில் நேரசை வந்து தளை தட்டுகிறது. மூன்றாவது, பெற்ற தாய் பிள்ளையைக் காவாமலா இருப்பாள்? இவர் வீட்டில் எப்படியோ, நமக்குத் தெரியாது!"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அதை மறைப்பானேன்?

நடு வரிசையில் ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, சலவை வேட்டி.

"அது எம் பாட்டுதான்யா. மேலப்பாளையம் காதர் மைதீன். தறி நெய்யுதேன். நான் அப்படி எழுதல."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பாட்டை அச்சுக்கு எழுத்துக் கோத்தவன் நான்.

2. எண் போட்டு அச்சடித்த கதை

அந்தப் போட்டியில் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. பாட்டுகளை எழுதியவர் கையெழுத்தோடு நடுவரிடம் கொடுக்கமாட்டார்கள். கையெழுத்தைக் கண்டால் ஆளைக் கண்டுவிடலாம். ஆளைக் கண்டால் சாதி, சமயம், ஊர் எல்லாம் கூடவே வரும். அதனால் பேரை எடுத்துவிட்டு, எண் மட்டும் போட்டு, எங்கள் அச்சாபீஸில் தாளாக அச்சடித்து நடுவருக்கு அனுப்பினார்கள். பெருமாள் கோயில் ஊரான ஆழ்வார்திருநகரியிலிருந்து பாட்டு வந்தது, மீன்பிடிக்கிற உவரியிலிருந்தும் வந்தது. இப்படி ஒரு நியாயமான காரியத்தில் நமக்கும் பங்கு இருக்கிறதே என்று எனக்கு ஏகப் பெருமை.

என் கை வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு யாரும் சொல்லாததால் நானே சொல்கிறேன். இடது கையில் எழுத்தடுக்கும் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு, கண் காப்பியில், அதாவது எழுதிவந்த தாளில் இருக்க, வலது கை தானாகக் கேஸ் பெட்டியில் ஈய எழுத்துகளைப் பொறுக்கும். செய்யுள் புத்தகம் கோத்துக் கோத்தே யாப்பும் ஓரளவு படிந்திருந்தது.

நாற்பத்தொன்றாம் நம்பர் காப்பி, நூல் கடைச் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. பேர் இல்லாவிட்டால் என்ன, நெசவு வேலைக்காரர் யாரோ என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன். கோக்கும்போது அந்த இரண்டாவது அடியில் காதுக்கு ஒரு தடுக்கல் தட்டுப்பட்டது. நின்று பார்த்திருக்க வேண்டும். 'தறிக்காரருக்கு வெண்பா எங்கே வரப்போகிறது' என்று நினைத்துக்கொண்டு அடுத்த சீட்டை எடுத்தேன். நடுவர் முகம் பார்க்கக் கூடாது என்று அத்தனை ஏற்பாடு செய்தார்கள். முகம் பார்த்தவன் நான்தான்.

3. மூன்று கோடு

பண்டிதர் கோபக்காரரே தவிர நேர்மையானவர். "அப்படியா? கையெழுத்தைக் கொண்டுவாருங்கள்" என்றார். வாசகசாலைக் காரியதரிசி கட்டை அவிழ்த்துச் சீட்டை எடுத்துக் கொடுத்தார். பண்டிதர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ககரம். அதன் பக்கத்தில் கால். 'காவாது' என்றுதானே எழுதியிருக்கிறீர்?"

"அது கால் இல்லய்யா. ரகரம்."

"ரகரத்துக்குக் கீழே இழுப்பு எங்கே?"

ஓலையில் எழுதிப் பழகியவர்கள் பலர் அந்தக் காலத்தில் ரகரத்துக்குக் கீழிழுப்புப் போடமாட்டார்கள். ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். பண்டிதருக்கு அது தெரியாததல்ல. ஆனால் தோற்றவர்கள் எல்லாரும் இப்படியொரு சாக்குச் சொல்லத் தொடங்கினால் போட்டி என்ன ஆவது?

என் முன்னால் இருந்த ஒருவர், "தப்ப ஒத்துக்கிட மனசில்ல, அச்சுக்காரன் தலையில போடுதாரு" என்றார். காதர் மைதீனுக்கு யாப்புத் தெரியாதவர் என்ற பேர் ஏற்கெனவே வந்துவிட்டது. இப்போது பொய்யர் என்ற பேரும் சேர்ந்துகொண்டிருந்தது. அவர் இனி எந்த ஊர்ச் சபையில் போய்ப் பாட்டென்று வாயைத் திறப்பார்?

நான் அசைவதைக் கண்டு ஞானமுத்து ஐயா என் முழங்காலை அமுக்கினார். "காப்பியில உள்ளதத்தான கோத்திருக்கோம்? நம்ம மேல பழி இல்ல. பைய இரும்வே."

அவர் சொன்னது சரி. வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு ஒரு சேதமும் இல்லை. எழுந்தால் அச்சாபீஸ் பேர் கெடும், வாசகசாலை வேலை கைவிட்டுப் போகும், அதோடு என் வேலையும் போகும். எனக்கு அப்போது கலியாணமாகி ஆறு மாசம். ஆனாலும் அந்த மனிதர் நின்ற நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"ஐயா, அதக் கோத்தவன் நான். அந்தச் சீட்டை ஒரு நிமிசம் தாருங்க."

மேடை ஏறினேன். சீட்டைப் பண்டிதர் முன்னால் விரித்து முதலடியில் விரல் வைத்தேன்.

"இந்தப் 'பாராப்'பைப் பாருங்கய்யா. பகரத்துக்குப் பக்கத்தில மூணு கோடு. மூணும் ஒரே மாதிரி. நடுக்கோட்டை ரகரம்னு வாசிச்சு அச்சில நான்தான் கோத்தேன், நீங்களும் குத்தம் சொல்லல. அதே கைதான் அடுத்த அடியையும் எழுதியிருக்கு. அங்க மட்டும் அதைக் கால்னு வாசிச்சது என் தப்பு. ரகரம்னு வச்சு ஒருதரம் வாசிச்சிப் பாருங்க."

பண்டிதர் வாய்க்குள் முணுமுணுத்தார். விரல்கள் அசை எண்ணின. 'கரவாது.' ஒளிக்காமல், இல்லையென்று சொல்லாமல். உரியார், கரவாது: எதுகை வந்தது. 'பொருநை'க்குப் பின் 'கர' என்று நிரை வந்தது, தளை சரியாயிற்று. தாயும் தாயானாள். அவர் சொன்ன மூன்று குற்றமும் ஒரே எழுத்தில் தீர்ந்தன. பாட்டே தனக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

அவர் எழுந்து நின்றார். "சபையோரே, குற்றம் பாட்டில் இல்லை. நான் பேசியதை வாபஸ் வாங்குகிறேன்" என்று சொல்லி, கணீரென்று வாசித்தார்:

உரியார் பிறரென்று பாராப் பொருநை
கரவாது நீர்தரும் தாய்.

சிரித்த அதே மண்டபம் கை தட்டியது. பெரியவர்கள் பிரிவில் முதல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. பதக்கத்தைக் காதர் மைதீன் வாங்கும்போது எனக்கே கொடுத்ததுபோல நெஞ்சு நிறைந்தது.

திரும்பி வரும் வழியெல்லாம் ஞானமுத்து ஐயா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். அச்சாபீஸ் வாசலில் நின்று, "இனிமே செய்யுள் காப்பி எல்லாம் உம்ம கேசுக்குத்தான் வரும். தளை தட்டிச்சோ, நான் உம்மத் தட்டிருவேன்" என்றார். வேலை போகும் என்று நினைத்தவனுக்கு வேலை கூடிவிட்டது.

4. மறுநாள்

மறுநாள் காலையில் காதர் மைதீன் அச்சாபீஸுக்கே வந்துவிட்டார். மண்டபத்தில் நான் எழுத்துப் பிழையை மட்டுந்தான் ஒப்புக்கொண்டேன். அதற்கு முந்திய பிழை மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. அவரை உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன்.

"அண்ணாச்சி, அந்த இடத்தில எனக்குக் காதில தட்டத்தான் செஞ்சது. நூல் கடைச் சீட்டைப் பார்த்துட்டு, தறிக்காரருக்கு வெண்பா வராதுன்னு நெனச்சிட்டேன். அதான் நின்னு பார்க்கல. மன்னிச்சிக்கிடணும்."

அவர் சிரித்துவிட்டார்.

"நானும் ஒண்ணு சொல்லுதேன், கேளும். பண்டிதர் 'காவாது'ன்னு வாசிச்சதும் எனக்கு வந்த கோவம் உம்ம மேலதான். 'அச்சுக் கோக்குதவனுக்கு வெண்பாவைப் பத்தி என்ன தெரியும், கண்டமேனிக்குக் கோத்துட்டான்'னு மனசுக்குள்ள வஞ்சேன். நீரு மேடையில நின்னு எழுத்தைப் பிரிச்சிக் காட்டும்போது எனக்கு வெக்கமாப் போச்சுவே!"

அதற்குப் பிறகு நாற்பது வருஷம் செய்யுள் கோத்தேன். காது தடுக்கிய இடத்திலெல்லாம் கையை நிறுத்தி, எழுதியவருக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு இன்னொரு தரம் வாசித்தேன். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.