மீன் உடைந்த புதன்கிழமைகள்

குறை சொன்னதும் தலையாட்டுகிறவர் அதைக் கேட்டுக்கொண்டவரா, சண்டைக்கு வருகிறவர் கேட்டுக்கொண்டவரா? உறுவையாறு ஊர்க்காரி அம்சவள்ளியின் பிழைப்பில் இந்தக் கேள்வி புதன்கிழமைதோறும் வந்து நின்றது.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேண்டீனில் அவள் குழம்பு, மணிவண்ணன் சோறு. இருவரில் ஒருவரைத் தலைமைச் சமையலுக்கு வைக்கப்போவதாக மேனேஜர் அரிகரன் சொல்லியிருந்தார். விமர்சனத்தை ஏற்பது எப்படி என்று எங்கோ பயிற்சிக்குப் போய்வந்தவர் அவர். கற்றதையெல்லாம் பிறர்மீதே செலவிட்டார்.

மணிவண்ணனுக்குப் பயிற்சியே தேவையில்லை. சோறு குழைந்துவிட்டது என்றால் நெஞ்சில் கைவைத்து, நல்லவேளை சொன்னீங்க சார் என்பான். மறுநாளும் சோறு குழையும். நன்றியும் அதே பதத்தில் வரும். அரிகரனுக்கு அதிலேயே வயிறு நிறைந்துவிடும்.

புதன்கிழமை மீன் குழம்பு. அம்சவள்ளி காய்க்குழம்பைப் போலவே அதையும் கரண்டி விட்டுக் கிண்டுவாள். தட்டுக்கு முள்ளும் தூளும்தான் வரும். பரிமாறுகிற ஆரோக்கியசெல்வி பனித்திட்டுக்காரி. கடலோரத்தில் பிறந்தவளுக்குப் பொறுக்குமா?

"இன்னாக்கா, மீன் கொழம்பு வெக்கிறியா, களி கிண்டுறியா?"

"வந்துட்டா பெரிய மீன்காரி. போய் தட்ட எடுத்து வைடி."

அம்சவள்ளி அதோடு விடவில்லை. அவள் ஊர், அவள் நடை, அவள் மாமியார் என்று மத்தியானம்வரை திட்டினாள். அரிகரன் எட்டிப் பார்த்து, பக்குவம் போதாது என்றுவிட்டுப் போனார். தலைமை வேலை மணிவண்ணனுக்குத்தான் என்று பாத்திரம் கழுவுகிற இடம்வரை பேச்சாயிற்று. அம்சவள்ளி வீடு போகிற வழியெல்லாம் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே போனாள். சொல்லச் சொல்ல, உடைந்த மீன்தான் கண்ணில் நின்றது. திட்டுவதற்காவது சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். நன்றி சொல்ல அதுகூடத் தேவையில்லை.

அடுத்த புதன், மீனைப் போட்டபின் அவள் கரண்டியைத் தொடவில்லை. துணி சுற்றிச் சட்டியின் ஒரு காதைப் பிடித்தாள், மறுகாதை மணிவண்ணனைப் பிடிக்கச் சொன்னாள். மெல்லத் தூக்கி ஒரு சுழற்று. துண்டுகள் முழுசாக வந்தன. ஆரோக்கியசெல்வி புளி தூக்கல் என்றாள். அதற்கும் சண்டை. அதற்கடுத்த வாரம் புளி அளவாக இருந்தது.

அன்றைக்கு முதலாளி வந்து சாப்பிட்டார். அவர் எந்தப் பயிற்சிக்கும் போனவரல்ல; நாக்கு மட்டும் இருந்தது. அம்சவள்ளியையே தலைமைக்கு வைத்தார். அடுப்படியில் கூட நிற்க ஓர் ஆளை அவளே எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

அக்கா மகள் தேவி வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குத்தான் என்று உறுவையாறே நினைத்தது. அம்சவள்ளி கேட்டது ஆரோக்கியசெல்வியை. அடுத்த புதன், குழம்பு கொதித்ததும் முதல் கரண்டியை அவளிடம்தான் நீட்டினாள்.