திண்டுக்கல்லுக்கு மேலே காத்திருந்த ஸ்டெல்லா

யாரும் நம்ப முடியாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன் என்று முதலிலேயே சத்தியம் செய்துவிடுகிறேன். என்னை அறிந்தவர்கள் எப்படியும் நம்பப்போவதில்லை.

இதே கதையை நத்தம் சாலை டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசி அடித்தது. கதையில் அப்போது என் அக்கா மகள் ஸ்டெல்லா விமானம் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் ஜன்னல் வழியே கையை நீட்டிச் சிறுமலை வாழைத்தார் ஒன்றை முறித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "வாடா." தாரை ஆகாயத்திலேயே விட்டுவிட்டு எழுந்து ஓடினேன்.

ஸ்டெல்லாவின் முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களில் சிலருக்கு அவளைப் படத்தில்தான் தெரியும். இரண்டு இன்ஜின் வைத்த சிறிய வாடகை விமானங்களை ஓட்டினாள். அவளிடம் உத்தரவு வாங்கிய பிறகுதான் சூரியனே மேற்கே ரெட்டியார்சத்திரம் பக்கம் இறங்கும் என்று ஊரெல்லாம் பறைசாற்றி வைத்திருந்தேன். "மாமா, நான் ஓட்டுறது ஆறு பேர் உக்கார்ற வண்டி" என்பாள் அவள்.

கோயம்புத்தூரிலிருந்து மதுரைக்கு அந்த வண்டி காலியாகத் திரும்பிய ஒரு நாள், முதலாளியிடம் அனுமதி கேட்டு என்னையும் ஏற்றிக்கொண்டாள். மதுரையில் பெருமழை. செத்த நேரம் பொறுத்து வரும்படி வானொலியில் சொன்னார்கள். திண்டுக்கல்லுக்கு மேலே வட்டமடிக்க ஆரம்பித்தோம். மலைக்கோட்டை ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது.

"ஏந் தாயி, கீழே மாட்டுவண்டி நம்மள முந்துது. நல்லா அமுக்கு. மழையோட மழையா இறங்கிருவோம்."

அவள் அமுக்கவில்லை. இரண்டு இன்ஜின்களின் வேகத்தையும் குறைத்தாள். பிறகு சிவப்புக் கைப்பிடிகளைப் பையப் பைய இழுத்து, பெட்ரோல் போவதையும் குறைத்தாள்.

"சீக்கிரம் போயி என்ன மாமா பண்ண? இப்ப வேகம் வேணாம். காத்திருக்கத் தெம்பு வேணும்."

"அப்ப இன்னும் இழுக்க வேண்டியதுதான?"

"ரொம்ப இழுத்தா இன்ஜின் உதறும். உதறுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிப்பாட்டணும்."

பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் இருந்தது. இம்புட்டு இருக்கையில் எதற்கு இந்தக் கஞ்சத்தனம் என்றேன். "இறங்கினதுக்கு அப்புறமும் டேங்க்ல மிச்சம் இருக்கணும் மாமா. சரியாத் தீர்த்துட்டு இறங்குறது கெட்டிக்காரத்தனம் இல்ல."

அதற்குப் பிறகு அவள் பக்கத்திலிருந்த, இன்ஜின் சுற்றைக் கூட்டிக் குறைக்கும் நீலக் கைப்பிடிகளில் ஒன்றை என்னிடம் கொடுத்தாள் என்றும், நானே ஓட்டினேன் என்றும் சொல்வேன். அந்த இடத்தில் டீக்கடையே எழுந்து போய்விடும்.

போன வருடம் ரத்தத்தில் நோய் என்றார்கள். இனி மருந்து கேட்காது என்று டாக்டர் சொன்னபோது தவக்காலம் தொடங்கியிருந்தது. தவக்காலத்தில் மேளதாளத்தோடு கல்யாணம் செய்வதில்லை என்பதால், அவள் தம்பியின் கல்யாணம் பாஸ்கா திருநாளுக்குப் பிறகு என்று முடிவாகியிருந்தது. பங்குச் சாமியாரிடம் கேட்டு முன்னாலேயே வைத்துவிடலாம் என்று அக்கா அழுதாள். ஸ்டெல்லா கேட்கவில்லை.

"மேளம் இல்லாம, பூ இல்லாம அவனுக்கு ஒரு கல்யாணமா? நான் காத்திருக்கேன்மா."

எப்படிக் காத்திருந்தாள் என்பதை நான் பார்த்தேன். பேச்சைக் குறைத்தாள். ஆட்களைக் குறைத்தாள். பகலெல்லாம் கண்ணை மூடிக் கிடந்தாள். வாசலில் என்னை நிறுத்தினாள். பார்க்க வந்தவர்களிடம், அவள் நிலாவுக்குப் பெட்ரோல் கொண்டுபோயிருக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். உங்களில் பலர் கோபித்துக்கொண்டு போனீர்கள். பெற்றவளிடமே பேசமாட்டேன் என்கிறாளே என்று அக்கா அடுப்படியில் போய் அழுதாள். ஒருநாள் ஸ்டெல்லா கஞ்சியையும் வேண்டாமென்று தள்ளிவிட்டு மயங்கிப்போனாள். கண் விழித்ததும் என்னைப் பார்த்து, "ரொம்ப இழுத்துட்டேன் மாமா, உதறிருச்சு" என்றாள். அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். நான் கொல்லைப்புறம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று பட்டுச்சேலை கட்டிக் கோயிலின் முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேளம் அடித்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நெற்றியில் சிலுவை போட்டாள். பெண் வீட்டாரிடம் வாழைத்தார் கதையை நான் எடுத்துவிட்டபோது, தார் இந்தத் தடவை பெரிதாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டாள். "இறங்கிட்டோம் மாமா. மிச்சமும் இருக்கு. அம்மாவ வரச் சொல்லுங்க."

அந்த மிச்சம் முழுவதும் அக்காவுக்கு. தலைவாரச் சொன்னாள், முடி அதிகம் இல்லாதபோதும். ஆத்தூர் அணையில் மீன் வாங்கியதிலிருந்து பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடி வரைக்கும் பேசினார்கள். இருவரும் சிரிப்பது வாசல் வரை கேட்டது. இந்தமுறையும் யாரையும் உள்ளே விடவில்லை. ஆனால் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சில நாள் அப்படிப் போனது. பிறகுதான் அந்த டீக்கடை, அந்த "வாடா."

இனி உண்மை. வாழைத்தார் பொய். மாட்டுவண்டி பொய். சூரியனும் பொய்தான், அவள் போன பிறகும் வெட்கமில்லாமல் அந்தப் பக்கமே இறங்குகிறது. நான் வைத்துக்கொள்ள மீதி இருப்பது ஒன்றுதான். அன்று மேலே இரண்டு இன்ஜின்களும் ஒன்றாகச் சுற்றாமல் வொவ்... வொவ்... என்று விட்டுவிட்டு முனகிக்கொண்டிருந்தன. "கேக்குதா மாமா? நீங்களே சரிபண்ணுங்க" என்று கையை எடுத்துக்கொண்டாள். நீலக் கைப்பிடியை மயிரிழை நகர்த்தினேன். முனகல் நீண்டது, இன்னும் நீண்டது, நின்றது. இரண்டும் ஒரே குரலாயின. அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "ம்" என்றாள்.

அது நடந்தது.